செங்குத்து மௌஸ், மூன்றரை வருடத்துக்குப் பிறகு

போன கிழமை கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு சின்னக் கடையில் என் செங்குத்து மௌஸின் இடப்பக்க ஸ்விட்சை மாற்றினேன். ஒருதரம் அழுத்தினால் இரண்டுதரம் அழுத்தியதாக எடுத்துக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. திருப்பித் தரும்போது அந்தத் தம்பி, "என்னக்கா, இது இப்பிடி ஒட்டுது?" என்று கையைத் துடைத்துக்கொண்டார். அன்றிரவே தோழி ஒருத்தி இதே மாடலின் படத்தை அனுப்பி, விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டாள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பெரிய நல்லது. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். 2021 கடைசியில் வலது முழங்கையின் வெளிப்பக்கம் எரியத் தொடங்கியது. ஜாம் போத்தல் மூடியைத் திருக முடியவில்லை. திருவலையில் உட்கார்ந்தால் பாதித் தேங்காய்க்கு மேல் திருவ முடியவில்லை. பிசியோதெரபியில் முதல் கேட்ட கேள்வி, இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைக்கிறதா என்பதுதான். அப்படியிருந்தால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம். எனக்கு விறைப்பு இல்லை. மணிக்கட்டை மேலே தூக்கிப் பிடிக்கும் தசைகள் முழங்கை எலும்பில் வந்து சேரும் நாரில்தான் கோளாறு. சாதாரண மௌஸில் உள்ளங்கை கீழே பார்த்தபடி இருக்கும், முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடக்கும், மணிக்கட்டும் பின்னால் மடிந்திருக்கும். நாள் முழுக்க அந்தத் தசைகளுக்கு ஓய்வே இல்லை. செங்குத்து மௌஸைக் கை குலுக்கும் நிலையில் பிடிப்பதால் அந்த முறுக்கு பெருமளவு அவிழ்ந்துவிடுகிறது.

2022 பெப்ரவரியில் வாங்கினேன், ரூபாய் சரிவதற்குச் சில கிழமைகள் முன்னால். முதல் கிழமை அம்புக்குறி சொன்ன இடத்தில் நிற்கவில்லை. மூன்றாம் கிழமை பழகிவிட்டது. மூன்றாம் மாதம் ஒரு முழுத் தேங்காயை நிறுத்தாமல் திருவி முடித்தேன். அந்தச் சந்தோசம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

மௌஸ் மட்டும் செய்த வேலையில்லை இது. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக இறக்கும் பயிற்சியை மாதக்கணக்கில் செய்தேன். பாமினி தட்டச்சை விட்டுத் தமிழ்99 என்ற கீபோர்ட் முறைக்கு மாறினேன். பாமினியில் ஒவ்வொரு "க்கு"வுக்கும் சின்னவிரல் ஷிப்டுக்கு ஓட வேண்டும். தமிழ்99இல் க இரண்டுதரம், உ ஒருதரம், புள்ளி தானாக விழுந்துவிடும். தமிழில் எத்தனை "க்கு" என்று அப்போதுதான் கவனித்தேன்.

இனி அந்தப் பிசுபிசுப்பு. மௌஸ் முழுக்க றப்பர் போன்ற மெத்தென்ற பூச்சு ஒன்று இருந்தது. தொட்டதும் பிடித்துப்போய் வாங்கியதே அதற்காகத்தான். ஒன்றரை வருடத்தில் அது உருகத் தொடங்கியது. இப்படிப்பட்ட பூச்சுகள் பெரும்பாலும் பொலியூரிதேன். ஈரமும் சூடும் சேர்ந்தால் நாளடைவில் சிதைந்து பசையாகிவிடும், கைவியர்வையும் எண்ணெயும் அதற்கு ஒத்தாசை. என் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்பக்கம். ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று, மூடினால் வெக்கை. இந்த ஊரில் இது எத்தனை நாள் தாங்கும் என்று விற்கிறவர்கள் யோசிக்க மாட்டார்களா? வாங்கிய கடையில் கேட்டேன், பூச்சு தேய்வது உத்தரவாதத்தில் வராது என்றார்கள். தேயவில்லை, உருகுகிறது என்றேன். இரண்டும் ஒன்றுதான் என்றார்கள்.

அழுக்கு ஒட்டுகிறது என்பதற்காக இவ்வளவு கோபமில்லை. ஒட்டுகிற பொருளிலிருந்து கை தானாக விலகும். எனக்கே தெரியாமல் உள்ளங்கையைத் தூக்கி, பெருவிரல் நுனியாலும் சின்னவிரலாலும் மட்டும் பிடித்திருக்கிறேன். இரண்டு மாதத்தில் பெருவிரல் அடியில் புது வலி. நோகிற கைக்கென்று விற்ற சாமான் இன்னொரு நோவைத் தந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

பார்மசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, பற்றறியைக் கழற்றிவிட்டு, பஞ்சால் இரண்டு பின்னேரம் துடைத்தேன். கறுப்புக் குழம்பாக வந்தது. உள்ளேயிருந்த வழவழப்பான பிளாஸ்டிக் வியர்த்தால் வழுக்குகிறது, அதனால் துணிப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறேன். பெருவிரல் வைக்கும் பள்ளத்தில் மிச்சம் இன்னும் கிடக்கிறது. தம்பியின் கையில் பட்டது அதுதான்.

சரி, தோழிக்கு என் பதில்: வாங்காதே. என் கையைத் தேற்றியது இதுதான், ஸ்விட்ச் மாற்றிக்கூட வைத்திருக்கிறேன், யாழ்ப்பாணம் போனாலும் பையில் வருகிறது. அப்படியிருந்தும் சொல்கிறேன், வாங்காதே. இதே சாய்வில், பூச்சு இல்லாத வெறும் பிளாஸ்டிக்கில், இதைவிட மலிவாக இருக்கிறது. கடையில் கையை வைத்துப் பார், சின்னவிரல் மேசையில் உரசினால் அந்த அளவு உனக்குச் சரிவராது. அதற்கும் முதல் உன் கீபோர்டின் வலப்பக்க நம்பர் பகுதியைப் பார். அது இருப்பதால்தான் மௌஸ் தள்ளிப் போய், தோளிலிருந்து கை நீள்கிறது. அந்தப் பகுதி இல்லாத கீபோர்டுக்கு முதலில் காசைக் கொடு. இரவில் விரல் விறைக்கிறது என்றாயே, எந்த விரல் என்று சொல்லவில்லை. அதை டாக்டரிடம் காட்டிவிட்டு வா, மௌஸைப் பிறகு பார்க்கலாம்.