ஜிம்மா, சைக்கிளா, இரவுக் கோப்பையா?

நிறை குறைக்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் யாராவது வாய் திறந்தால் உடனே மூன்று ஆலோசனை வரும்: ஜிம்முக்குப் போ, விடிய எழும்பி நட, குரக்கன் (கேழ்வரகு) புட்டுச் சாப்பிடு. மூன்றிலும் விசயம் இருக்கிறது, ஆனால் மூன்றும் செய்வது ஒரே வேலை இல்லை. என்னைக் கேட்டால் நிறையை இறக்குவது இரவுச் சாப்பாடு, உடம்பைத் திடமாக வைத்திருப்பது சைக்கிள், ஜிம் அதற்குப் பிறகு.

கணக்கைப் பாருங்கள். 70 கிலோ உள்ள ஒருவர் அரை மணித்தியாலம் கொஞ்சம் வேகமாக நடந்தால் ஏறத்தாழ 120 முதல் 150 கலோரி போகும். அதே நேரம் சைக்கிள் மிதித்தால் 200ஐத் தாண்டும். நல்லதுதான், ஆனால் வருகிற வழியில் கடையில் நின்று ஒரு மீன் ரோல்ஸும் சீனி போட்ட பால் தேத்தண்ணியும் எடுத்தால் அவ்வளவும் திரும்ப வந்து ஏறிவிடும். ஒரு கிலோ கொழுப்புக் கரைய ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும், அதாவது நடையை மட்டும் நம்பினால் நாள் தவறாமல் நடந்தும் ஒரு கிலோவுக்கு இரண்டு மாதமளவு பிடிக்கும். இரவுக் கோப்பையில் (சாப்பாட்டுத் தட்டில்) 400 கலோரி குறைப்பது அதைவிட எவ்வளவோ சுலபம்.

எங்கே குறைப்பது என்றுதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், உடனே மாவை மாற்றுகிறார்கள். குரக்கன் மாவையும் அரிசி மாவையும் எடுத்தால் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது, 100 கிராமுக்கு இரண்டும் 320க்கும் 360க்கும் இடையில்தான் நிற்கும். குரக்கன் வெல்வது நார்ச்சத்திலும் கல்சியத்திலும் (100 கிராமில் 340 மில்லிகிராமளவு கல்சியம், இதற்காகவே வயதானவர்களுக்கு நல்லது). குரக்கன்தானே என்று இரண்டு பங்கு போட்டுச் சாப்பிட்டால் நிறை ஏறத்தான் செய்யும். கோதுமை மா புட்டு இந்தப் போட்டியில் கடைசி, அதில் நார் மிகக் குறைவு, சாப்பிட்ட கையோடு திரும்பப் பசிக்கும். ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாப் புட்டை நான் மேலே வைப்பேன். நார் கூட, அதோடு மாவுக்குள்ளேயே கீரையும் றாலோ சின்ன மீனோ போட்டு அவிப்பதால் தனியாகச் சம்பல், பொரியல் என்று தேடத் தேவையில்லை. கிழமையில் இரண்டு நாள் அது இருந்தால் போதும்.

ஆனால் உண்மையான எடை மாவில் இல்லை, தேங்காயில் இருக்கிறது. சாதாரண ஒரு இரவுக் கோப்பையைப் பாருங்கள்: புட்டுக்குள் தேங்காய்ப்பூ, தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்பல், மேலே பாற்சொதி, பக்கத்தில் தேங்காயெண்ணெயில் பொரித்த கத்தரிக்காய், அதுவும் கத்தரிக்காய் எண்ணெயைக் குடிக்கிற காய். நாலு இடத்திலும் தேங்காய். 100 கிராம் தேங்காய்ப்பூவில் 350 கலோரி இருக்கிறது. தேங்காயை விடு என்று யாழ்ப்பாணத்தாரிடம் சொல்ல எனக்கு மனம் வராது, சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. நாலில் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். சம்பல் இருக்கும் நாளில் சொதியைத் தண்ணியாக வையுங்கள், பொரியலுக்குப் பதில் முருங்கையிலை வறையும் மீன் குழம்பும் வையுங்கள். முதலில் மரக்கறியையும் மீனையும் கோப்பையில் போட்டுவிட்டு மிச்ச இடத்துக்குப் புட்டைப் போட்டுப் பாருங்கள், புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியில் பாதி அப்படியே மிஞ்சும்.

அப்புறம் சைக்கிள். எங்கள் ஊர் மலை, ஏற்றம் எதுவும் இல்லாத சுண்ணாம்புக்கல் தரை, சைக்கிளுக்கென்றே செய்து வைத்த மாதிரி. 90களில் எரிபொருள் தடை இருந்தபோது குடாநாடு முழுக்க சைக்கிளில்தான் ஓடியது, 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது மூலையில் கிடந்த சைக்கிள்கள் திரும்ப வெளியே வந்தன. பெற்றோல் வந்ததும் பழையபடி மோட்டார் சைக்கிள். பக்கத்துத் திருநெல்வேலியில் வீடு, யாழ் நகரத்தில் வேலை என்றால் போக வர சைக்கிளில் போகலாம், அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை, ஜிம் தோற்பது இங்கேதான். உலக சுகாதார நிறுவனம் கேட்பது கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான அசைவு. வேலைக்குப் போய்வருவதிலேயே அது முடிந்துவிடும். கொஞ்சம் கடினமாக வேண்டுமென்றால் சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் காலத்தில் பின்னேரம் பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் மிதியுங்கள், எதிர்காற்றில் தொடை இரண்டும் எரியும், திரும்பி வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

நடைக்கும் இடமுண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சைக்கிள்தான் பெரும்பாலும் இதம், ஆனால் சைக்கிள் ஓடப் பயப்படுபவர்களுக்கும் நிறையக் காலம் அசையாமல் இருந்தவர்களுக்கும் நடைதான் தொடக்கம். ஒழுங்கைக்குள் விடிய நடந்தால் நாய்த்தொல்லை. பெண்கள் பலர் அதனாலேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பின்னேரம் கோட்டைப்பக்கம் நடப்பது நல்லது.

ஜிம்மை ஒதுக்கச் சொல்லவில்லை. நாற்பதுக்கு மேல் தசை குறையத் தொடங்கும், அதைப் பிடித்து நிறுத்துவதில் சைக்கிளைவிடப் பாரம் தூக்குவதுதான் சிறந்தது. கிழமைக்கு இரண்டு நாள் போதும். முந்தி எங்கள் வீட்டுப் பெண்கள் கிணற்றில் அள்ளி, உரலில் இடித்து, ஆட்டுக்கல்லில் அரைத்ததெல்லாம் அதே வேலைதான், இப்போது மோட்டரும் கிரைண்டரும் வந்த பிறகு அந்த இடத்தை எதுவும் நிரப்பவில்லை. சந்தா கட்டக் காசில்லாவிட்டால் கதிரையில் இருந்து எழும்பி இருப்பது, இரண்டு தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்குவது என்று வீட்டிலேயே தொடங்கலாம்.

தேத்தண்ணியில் சீனியா பனங்கட்டியா என்ற சண்டையும் உண்டு. கலோரி ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் பனங்கட்டியைக் கரைக்காமல் சின்னத் துண்டாகக் கடித்து வெறும் தேத்தண்ணி குடிக்கிற பழக்கத்தில் ஒரு குவளைக்குப் போகிற அளவு குறைவு, நாளுக்கு ஐந்து தரம் இரண்டிரண்டு கரண்டி சீனி போடுகிறவருக்கு 50 கிராம் உள்ளே போகிறது, 25க்குள் நின்றால் நல்லது.

விரதத்தைப் பற்றிக் கேட்பார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் (மீன், இறைச்சி) இல்லாமல், ஒருநேரச் சாப்பாட்டோடு இருப்பவர்களுக்கு நிறை இறங்குவது உண்மை, முடிந்த கையோடு பழைய சாப்பாட்டுக்குப் போனால் திரும்ப ஏறுவதும் உண்மை. இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடிப்பது வருடம் முழுக்கச் செய்யக்கூடியது, அதைத்தான் நான் தேர்வேன். சலரோகத்துக்கு (நீரிழிவுக்கு) ஊசியோ குளிசையோ எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது, சீனி சடாரென்று இறங்கி மயங்கிவிடும்.

கடைசியாக, தராசில் நாளுக்கு நாள் ஏறி இறங்கி மனம் விடாதீர்கள். தையல் நாடா ஒன்றை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் மாதத்துக்கு ஒருதரம் அளவுங்கள். தெற்காசிய உடம்புக்கு இடுப்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்றிமீற்றருக்குள் இருப்பது நல்லது. மெலிந்தவர்கள் போல் தெரிகிற பலருக்கும் வண்டி (வயிறு) மட்டும் முன்னுக்கு நிற்கும், தராசு அதைச் சொல்லாது, நாடா சொல்லும்.