நார்வேயில் மது வாங்க: சூப்பர் மார்க்கெட்டா, வின்மோனோபோலெட்டா?

4.7 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள பீர் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். வார நாளில் இரவு 8, சனிக்கிழமை மாலை 6 தாண்டினால் தரமாட்டார்கள். ஞாயிறு கிடையவே கிடையாது. சும்மா ஒரு பீருக்கு இது போதும்.

ஒயின், அக்வாவிட் என்ற ஸ்காண்டிநேவிய காய்ச்சி வடித்த மது எல்லாம் 1922-இல் தொடங்கிய அரசு மதுக்கடை நிறுவனமான வின்மோனோபோலெட்டில்தான். இது இன்னும் சீக்கிரமே மூடிவிடும். 22 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள மது வாங்க 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று ஊழியர்கள் பொறுமையாகச் சொல்வார்கள், விலை கூடியதைத் தலையில் கட்டமாட்டார்கள்.

அப்புறம், பாருக்குப் போகும் முன் வீட்டில் கூடும் 'ஃபோர்ஷ்பீல்' விருந்துக்கு யாராவது அழைத்தால், அவரவர் மதுவை அவரவரே கொண்டுபோவதுதான் வழக்கம். சனிக்கிழமை மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள்.