சீலிங்கில் நானே பொருத்திய எட்டு எல்இடி விளக்குகள்: நான்கு வருடத்துக்குப் பிறகு

கூடத்து ஃபால்ஸ் சீலிங்கில் 6 வாட் எல்இடி விளக்குகள் எட்டை நானே பொருத்தி நான்கு வருடம் ஆகிறது. இதுவரை மூன்று அணைந்துபோயின. மூன்றிலும் எல்இடிக்கு ஒன்றும் ஆகவில்லை, போனது டிரைவர்தான்.

வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்ற டிசியாக மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி அது. உள்ளே மின்சாரத்தைச் சீராக்க இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர் என்ற, திரவம் அடைத்த பாகத்துக்குச் சூடு ஆகாது. மெல்ல மெல்லக் காய்ந்துவிடும். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்தவர்கள் சொல்லும் கணக்கு. என் வீட்டில் முதலில் போன இரண்டு டிரைவர்களும் சீலிங்குக்கு மேலே இடமே இல்லாத மூலையில், விளக்கின் முதுகில் ஒட்டிக் கிடந்தவை. இப்போது ஒயர் எட்டும் வரை எல்லாவற்றையும் தள்ளி வைத்திருக்கிறேன்.

டிரைவர் தனியாக வரும் மாடலை வாங்கியதற்காக இன்றும் சந்தோஷப்படுகிறேன். பழையதில் அச்சிட்டிருந்த மில்லி ஆம்பியரையும் வோல்ட் அளவையும் பார்த்து அதேபோல் ஒன்று வாங்கிச் செருகினேன், பத்து நிமிட வேலை. விளக்கோடு சேர்ந்த டிரைவராக இருந்தால் முழு விளக்கையும் மாற்ற வேண்டும். புதியது பழைய ஓட்டையில் உட்காருமா என்பது அடுத்த கவலை.

ஓட்டை போட, டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பமான ஹோல் சா போதும். விளக்கின் வெளிவிட்டத்தை அளக்காதீர்கள், பெட்டியில் போட்டிருக்கும் கட்-அவுட் அளவைப் பாருங்கள். அதற்கு முன் ஒரு காந்தத்தை சீலிங்கில் நகர்த்திப் பார்த்தால் சீலிங்கைத் தாங்கும் இரும்புச் சேனல் எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிடும். நான் அதைச் செய்யாமல் ஒரு வரிசையையே தள்ளிப் போட வேண்டியதாயிற்று.

ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் அளவில், மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நடுவான 4000 கூடத்துக்குச் சரியாக இருக்கிறது. எட்டையும் ஒரே சுவிட்சில் கொடுத்ததுதான் தவறு. இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் எட்டும் எரிகின்றன.

இன்னொன்றை அவசியம் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் சுவிட்சை அணைத்த பிறகும் விளக்குகள் மங்கலாக மினுங்கின. விளக்கின் கோளாறு என்றே நினைத்தேன். டெஸ்டர் வைத்தபோது, சுவிட்ச் அணைந்திருந்தும் ஒயரில் பேஸ், அதாவது ஷாக் அடிக்கும் மின்சாரம், வந்துகொண்டிருந்தது. பழைய ஒயரிங்கில், பேஸ் ஒயரில் கொடுக்க வேண்டிய சுவிட்சை மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் கொடுத்திருந்தார்கள். எலக்ட்ரீசியனை அழைத்து அதை மாற்றியதும் மினுங்கல் நின்றது. அன்றிலிருந்து மெயின் பெட்டியில் இருக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கி, டெஸ்டரில் பார்த்த பிறகுதான் சீலிங்கில் கை வைக்கிறேன்.