ஒட்டறை அடிக்கிற நீட்டுத்தடி, கிளிநொச்சியில வாங்கினது

போன மாசம் கிளிநொச்சி டவுனில ஒரு பிளாஸ்டிக் சாமான் கடையில ஒட்டறை அடிக்கிற தடி ஒண்டு 1450 ரூபாய்க்கு வாங்கினனான், இழுத்து நீட்டுற அலுமினியத் தடி, தலைப்பில உருண்டையா நைலோன் பிரஷ். எங்கடது வீட்டுத்திட்டத்தில கிடைச்ச வீடு, இன்னும் சீலிங் அடிக்கேல்ல, ஓடும் கைமரமும் அப்பிடியே தெரியும், ஒட்டறைக்குக் குறைவே இல்ல. முந்தி தும்புத்தடியைக் கம்பில கட்டிப்போட்டு மேசைக்கு மேல ஏறி நிண்டுதான் அடிக்கிறது, அம்மா ஒருக்கா வழுக்கி விழுந்து கை வீங்கின பிறகுதான் இதை வாங்கினது.

மேல தொங்குற ஒட்டறைக்கு திறமான சாமான். அடிக்கக் கூடாது, கைமரத்துக்கும் ஓட்டுக்கும் இடையில விட்டு மெதுவா சுத்தோணும், எல்லாம் பிரஷில சுத்திக்கொண்டு வந்திடும், கண்ணுக்க தூசி விழாது.

ஆனா சுவரில ஒட்டிக்கொண்டு இருக்கிற சின்ன வெள்ளைப் பொட்டுகளுக்கு இது சரிவராது. குத்திக்காசு அளவில தட்டையா, ஓரத்தில நூல் நூலா இழுத்துக் கட்டின மாதிரி இருக்குமே, அதுதான். எங்கட பின்சுவர் பூசாத கல்லுச் சுவர், பொட்டு பள்ளத்துக்க இருக்கிறதால பிரஷ் மேலால வழுக்கிக்கொண்டு போகுது. பழைய பல்லுத் தீட்டுற பிரஷை நனைச்சுத் தேய்ச்சாத்தான் போகும்.

அப்பிடித் தேய்க்கேக்கதான் போன் ரோச்சை அடிச்சு வடிவாப் பாத்தனான். அந்தப் பொட்டு ஒரு சின்னச் சிலந்தியின்ர வலை. சிலந்தி 2, 3 மில்லிமீற்றர்தான் வரும், அந்தப் பொட்டுக்குக் கீழ ஒளிச்சிருக்குது. எறும்பு ஒண்டு வந்து நூலில கால் பட்டதும் வெளியால ஓடிவந்து எறும்பைச் சுத்திச் சுத்தி ஓடி நூலாலயே கட்டிப்போட்டுது, கடிச்சது அதுக்குப் பிறகுதான். கீழ நிலத்தில செத்த எறும்புக் கோது குவிஞ்சு கிடந்தது. இவ்வளவு நாளும் ஊத்தை எண்டு நினைச்சுக் கூட்டி எறிஞ்சது இதைத்தான். குசினிச் சுவரில இருக்கிறதுகளை நான் இப்ப தொடுறேல்ல.

அதே மாதிரித்தான் தண்ணி பரலுக்குப் பின்னால இருக்கிற நெட்டைக்கால் சிலந்தியும். தொட்டா வலையோட சேர்ந்து உருவமே தெரியாத அளவுக்கு ஆடும், பெட்டை முட்டையெல்லாத்தையும் உருண்டையாக் கட்டி வாயில கவ்விக்கொண்டு நாள்கணக்கா நிக்கும். அது நுளம்பு பிடிச்சுத் தின்னுற சாதி, மாரிக்கு டெங்குப் பயத்தோட இருக்கிற எங்களுக்கு அது அங்க நிக்கிறது நல்லம்தானே. ரெண்டாலயும் மனுசருக்கு ஒரு கெடுதியும் இல்ல. தயவுசெய்து படுக்கிற அறையை மட்டும் அடியுங்கோ, மூலையளை விடுங்கோ.

தடியில பிழை எண்டா நடுவில திருகிற பூட்டுத்தான். ரெண்டு கிழமையில இளகிப் போச்சு, மேல தள்ளத் தள்ள உள்ளுக்கு இறங்குது, கடையில கொண்டுபோய்க் காட்டினா மாத்தித் தரேலாதாம், சரியான கவலை. சைக்கிள் ரியூப் துண்டொண்டை இறுக்கிச் சுத்தித்தான் இப்ப பாவிக்கிறன். 5க்கு 3 குடுப்பன். வாங்கிறதெண்டா கடையிலயே முழுசா நீட்டி, நிலத்தில ஊண்டி அமத்திப் பாத்திட்டு காசைக் குடுங்கோ.