மெமரி கூட்டித் தருகிறேன் என்றால் பின்மூடியைத் திறந்து பாருங்கள்

4,800 ரூபாய். ஏமாந்தது தெரிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

தேனி மாவட்டம் கூடலூரில் ஏலக்காய்க் கணக்கு எழுதுகிறவன் நான். என் பழைய லேப்டாப்பில் 4 ஜிபி மெமரி (ரேம்). புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தின் விலையையும் எடைக் கணக்கையும் சேர்த்துத் திறந்தால் திணறும். குமுளியில் பழைய லேப்டாப் விற்று, பழுதும் பார்க்கும் ஒரு கடையில் கொடுத்தேன். "அண்ணே, 8 ஜிபி ஆக்கி, லினக்ஸும் போட்டுத் தருகிறேன்" என்றார் கடைக்காரர். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம் அது. கட்டஞ்சாயா வரவழைத்தார். அவருடைய அப்பாவும் வண்டன்மேட்டில் ஏலத்தோட்ட வேலை பார்த்தவராம். அந்த இடத்தில்தான் விழுந்தேன். பில் கேட்டதற்கு, "பதினெட்டு சதவீதம் ஏறும், நமக்குள் எதற்கு அண்ணே?" என்றார். நானும் தலையாட்டினேன்.

திரும்ப வாங்கப் போனபோது கறுப்புத் திரையில் ஏதோ தட்டிவிட்டு, கடைசி வரியில் விரல் வைத்தார்: மொத்தம் 7.7. "மிச்சத்தை சிஸ்டம் எடுத்துக்கொள்ளும்." 4,800 ரூபாயை எண்ணி வைத்தேன்.

வீட்டில் வந்து பார்த்தால் அதே திணறல். முதல் போனில், "புது மெமரி, பழக ஒரு வாரம் ஆகும்." அடுத்த போனில், "லினக்ஸ் அப்படித்தான்." மலையேறி நேரில் போனால், "முதலாளி கொச்சிக்குப் போயிருக்கிறார்" என்றான் பையன். திரைக்குப் பின்னால் கேட்ட இருமல் முதலாளியுடையது.

இன்று அக்கா மகன் பின்மூடியைத் திறந்தான். உள்ளே இருந்தது அதே ஒற்றை 4 ஜிபி. பக்கத்து இடம் காலி, தூசிகூடக் கலையவில்லை. ஹார்ட் டிஸ்கில் 4 ஜிபியை ஒதுக்கி ஸ்வாப் பகுதி ஆக்கியிருக்கிறார், அவ்வளவுதான். மெமரி நிறைந்தால் கொஞ்சத்தைத் தள்ளிவைக்கும் கிடங்கு அது. டிஸ்கின் வேகம்தான் அதற்கு. மெமரிக் கணக்கைக் காட்டும் லினக்ஸ் கட்டளை 'ஃப்ரீ'. அதோடு 'டி' சேர்த்தால் மெமரி, ஸ்வாப் இரண்டையும் கூட்டிக் காட்டுமாம். மெமரி 3.7, ஸ்வாப் 4.0, மொத்தம் 7.7. கூட்டலில் குற்றமே இல்லை!

எரிச்சல் என்னவென்றால், 4 ஜிபி மெமரிக்கு 4 ஜிபி ஸ்வாப் சரியான அளவுதான். காசே செலவில்லாத ஐந்து நிமிட வேலை. அதற்கு 4,800 ரூபாய்.

எவ்வளவு மெமரிக்கு எவ்வளவு ஸ்வாப் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. 2 ஜிபி வரை மெமரியைப்போல் இரு மடங்கு, 8 வரை அதே அளவு, அதற்கு மேல் 4 ஜிபியே பெரும்பாலும் போதும். ஹைபர்னேட், அதாவது திறந்த வேலையை டிஸ்கில் சேமித்துவிட்டு அணைக்கும் வசதி வேண்டுமென்றால், ஸ்வாப் மெமரி அளவுக்குக் குறையக் கூடாது. மெமரி கூட்டினேன் என்று யாராவது காட்டினால், மொத்தத்தை விட்டுவிட்டு, மெமரியைக் காட்டும் 'மெம்' வரியை மட்டும் பாருங்கள். மூடியை உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். பில் வாங்குங்கள்.

காலை முதல் பஸ்ஸில் மறுபடி குமுளி போகிறேன். திருகாணிகளைப் பூட்டவில்லை, மூடி தனியாகப் பையில் இருக்கிறது.