லூபஸ் இருந்து நெஞ்சில் நீர் கோத்தால், டிபி என்று சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள்

தங்கைக்கு லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய்) இருப்பது தெரிந்து சில வருடங்கள் ஆகின்றன. அதற்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையும், பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொஞ்சமும் எடுத்துக்கொண்டிருந்தாள். மூச்சை இழுத்தால் விலாவில் குத்துகிறது, சாயங்காலமானால் காய்ச்சல் என்றதும் எங்கள் ஊரில் பேர்பெற்ற தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். பெயர் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் வாங்கத் தெம்பில்லை.

எக்ஸ்ரேயில் நுரையீரலைச் சுற்றி நீர். ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள், டிபி இருந்தால் நீரில் கூடும் ஏடிஏ என்ற நொதி, சந்தேகப்பட வைக்கும் எல்லையான 40-ஐ ஒட்டி வந்தது, உடனே டிபி என்று முடிவாகிவிட்டது. "சார், லூபஸ்லயும் இப்படி நீர் கோக்குமாமே" என்று ஆரம்பித்தேன். "கூகுள் பாத்துட்டு வந்தீங்களா?" என்றார் டாக்டர். வேடிக்கை என்னவென்றால் ஃபைலில் 'டிபி' பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார், எங்களிடம் பேசும்போது மட்டும் அது காணோம்.

டிபியைச் சந்தேகப்பட்டதே தப்பு என்று நான் சொல்லவில்லை, ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு அது வரும் வாய்ப்பு அதிகம்தான். ஆனால் ஒழுங்காகத் தேட வேண்டாமா? நீரை சிபிநாட்டுக்கோ (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) கல்ச்சருக்கோ (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) அனுப்பவில்லை. லூபஸ் கிளம்பியிருக்கிறதா என்று காட்டும் டிஎஸ் டிஎன்ஏ, சி3, சி4 என்ற ரத்த டெஸ்ட்டுகள், சிறுநீரில் புரதம், எதுவும் பார்க்கவில்லை. ஸ்கேன் மட்டும் இரண்டு தடவை.

அதைவிடக் கொடுமை, டிபி மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டைக் கல்லீரலில் வேகமாகச் சிதைத்துவிடும், அதனால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டிவரும். இவர்கள் பாதியாகக் குறைத்தார்கள். மூட்டெல்லாம் வீங்கி, கன்னம் சிவந்து, மறுபக்கமும் நீர் கோத்தது. அதற்கும் "டிபி பரவுது" என்றார்கள்.

அப்புறம் அரசு மருத்துவக் கல்லூரியில் ரூமட்டாலஜி (மூட்டுவாதம், லூபஸ் போன்றவற்றைப் பார்க்கும் பிரிவு) டாக்டரைப் பார்த்தோம். நெஞ்சு நோய்ப் பிரிவையும் கலந்துகொண்டு, விட்டுப்போன டெஸ்ட்டுகளை எடுத்து, டிபி இல்லை என்று தெரிந்த பிறகே மாத்திரையை நிறுத்தினார் (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்), ஸ்டீராய்டைக் கூட்டினார், நீர் வற்றியது. இருமலில் ரத்தம் வந்தாலோ திடீரென்று மூச்சு முட்டினாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்கு வரச் சொன்னார், நுரையீரலுக்குள் ரத்தக்கசிவாகவோ ரத்தக்கட்டியாகவோ இருக்கலாமாம்.

பழைய இடத்தில் ரிப்போர்ட் கேட்டால் இழுத்தடித்தார்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறையிலேயே இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தேன், மறுநாளே கவர் தயார். ஸ்கேன் பிலிமுக்கு மட்டும் தனியாகக் காசு கேட்டார்கள்.