செண்டாய் மீடியாதெக்: சுவர்கள் குறைந்த நூலகம்

ஜப்பானின் வடகிழக்கில் உள்ள செண்டாய் நகரில், கெயாக்கி மரங்கள் அணிவகுத்து நிற்கும் ஜோசென்ஜி சாலையை ஒட்டி 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்டது செண்டாய் மீடியாதெக். நகர நூலகம், கண்காட்சிக் கூடங்கள், சிறு திரையரங்கு எனப் பல சேவைகள் இதன் ஏழு தளங்களில் இயங்குகின்றன. நவீன ஜப்பானியக் கட்டடக்கலையின் அடிப்படை எண்ணங்களைப் புரிந்துகொள்ள விரும்புவோர், இக்கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், இங்கே அமர்ந்து ஏதேனும் படிக்க வேண்டும் என்பேன்.

இதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் தோயோ இதோ (Toyo Ito), நீருக்குள் அசையும் கடற்பாசியை மனத்தில் கொண்டு முதல் வரைபடத்தைத் தீட்டினார். பக்கத்துக்கு ஏறத்தாழ 50 மீட்டர் நீளமுள்ள சதுரத் தளங்களை, இரும்புக் குழாய்களால் பின்னப்பட்டு உள்ளே வெற்றிடம் கொண்ட 13 தூண்கள் தாங்குகின்றன. அவற்றுள் எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றினுள் லிஃப்டும் படிக்கட்டும் செல்கின்றன; சிலவற்றின் வழியே காற்றும் மின்கம்பிகளும் செல்ல, வேறு சில கூரையிலிருந்து பகலொளியைக் கீழே இறக்குகின்றன. பழைய ஜப்பானிய வீடுகளில் நகரும் கதவுகளை விலக்கியதும் அறைகள் ஒன்றாகி, தோட்டமும் வீட்டுக்குள் சேர்ந்துவிடும். அந்த மரபு இங்கே இரும்பிலும் கண்ணாடியிலும் தொடர்வதாகவே எனக்குத் தோன்றுகிறது. தெற்குப் பக்கத்தின் இரட்டைக் கண்ணாடிச் சுவருக்கு அருகே அமர்பவருக்குச் சாலையோர மரங்களே எல்லையாகின்றன. இன்ன இடத்தில் இன்னதுதான் செய்ய வேண்டும் என்று கட்டடம் கட்டளையிடாததால், தமக்கு ஏற்ற வெளிச்சத்தையும் தனிமையையும் வாசகரே தேர்ந்துகொள்ளலாம்.

இந்தத் திறந்த அமைப்புக்கு ஒரு விலையும் உண்டு: தடுக்கச் சுவரில்லாத இடத்தில் ஒலி எளிதில் பரவும். முழு அமைதியை நாடுவோர் தரைத்தளத்தைத் தவிர்த்து, மூன்றாம், நான்காம் தளங்களில் உள்ள நூலகத்துக்குச் செல்வதே நல்லது.

2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஏழாம் தளத்தின் உட்கூரை ஒரு பகுதி சரிந்தபோதிலும், கட்டமைப்புப் பொறியாளர் முட்சுரோ சசாகியின் கணக்கில் உருவான இரும்புச் சட்டகம் உறுதியாக நின்றது; பக்கவாட்டு அதிர்வை ஏற்கும் பொறுப்பு மூலைகளில் உள்ள நான்கு பெரிய தூண்களுடையது. அவ்வாண்டு மே மாதமே ஒரு பகுதி மீண்டும் திறக்கப்பட்டதுடன், பேரிடர் அனுபவங்களைப் பொதுமக்களே பதிவுசெய்து சேமிக்கும் மையமும் இங்கு தொடங்கப்பட்டது. கட்டடக்கலை மாணவர்கள் தூண்களைப் படமெடுப்பதோடு நில்லாமல், அந்தப் பதிவுகளுக்கும் நேரம் ஒதுக்குமாறு பரிந்துரைக்கிறேன்.